உள்ள இறங்குறவர் மட்டும் படிச்சா போதாது: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கழிவுநீர் தொட்டி, பாய்லர், கப்பல் டாங்க், கிணறு மாதிரி அடைஞ்ச இடங்கள்ல (கன்ஃபைன்ட் ஸ்பேஸ்னு சொல்வாங்க) வேலை பாக்குறதுக்கு என்ன பயிற்சி வேணும்னு சின்னதா எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விகள்ல ஆறு இங்க இருக்கு. பேர் போட வேண்டாம்னு நிறைய பேர் கேட்டதால எல்லாருக்குமே ஊர் மட்டும் போட்டிருக்கோம்.

சார், சிங்கப்பூர் ஷிப்யார்டுக்கு போகப்போறேன். கன்ஃபைன்ட் ஸ்பேஸ் சர்டிபிகேட் ஒன்னு கையில இருந்தா எந்த டாங்க்லயும் இறங்கலாம்னு ஏஜென்ட் சொல்றாரு. நிஜமா? (புதுக்கோட்டை)

இல்ல தம்பி. அந்த சர்டிபிகேட் இருந்தா உங்களை அந்த வேலைக்கு எடுத்துக்கலாம், அவ்ளோதான். டாங்க்ல இறங்குறதுக்கு அன்னைக்கு, அந்த டாங்க்குக்குன்னு தனியா போட்ட என்ட்ரி பர்மிட் வேணும். சிங்கப்பூர்ல 2009ல இருந்து இதுக்குன்னே தனி விதிமுறை இருக்கு, அதுல ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு வேலை, வேலைக்கு தகுந்த பயிற்சி. உள்ள போற தொழிலாளிக்கு ஒன்னு, வாசல்ல நிக்கிற அட்டெண்டன்டுக்கு ஒன்னு, சூப்பர்வைசருக்கு ஒன்னு, காத்தை டெஸ்ட் பண்ற சேஃப்டி அசெஸருக்கு இன்னொன்னு. பர்மிட் கேக்குறவர் சூப்பர்வைசர், டெஸ்ட் பண்றவர் அசெஸர், கையெழுத்து போட்டு குடுக்குறவர் அதுக்குன்னு அதிகாரம் குடுத்த மேனேஜர். ஒரே ஆளு எல்லாத்தையும் பாத்துக்கிட்டா ஒருத்தர் தப்பை இன்னொருத்தர் பிடிக்க முடியாதுல்ல, அதுக்காகத்தான் இப்படி பிரிச்சு வச்சிருக்காங்க.

ஆக்ஸிஜன் 19.5லிருந்து 23.5 சதவீதத்துக்குள்ள இருக்கணும், எரியிற வாயு, அது தீப்பிடிக்க தேவையான குறைஞ்சபட்ச அளவுல 10 சதவீதத்துக்கு கம்மியா இருக்கணும், விஷ வாயு அனுமதிச்ச அளவை தாண்டக்கூடாது. இந்த நம்பரை மனப்பாடம் பண்ணிட்டு போங்க. டாங்க் வாசல்ல பர்மிட் ஒட்டியிருப்பாங்க, அதை நின்னு படிங்க. எத்தனை மணிக்கு டெஸ்ட் பண்ணாங்க, எந்த டாங்க், எத்தனை மணி வரைக்கும் செல்லும்னு பாருங்க. நேத்து பர்மிட்டோ பக்கத்து டாங்க் பர்மிட்டோ ஒட்டியிருந்தா உங்க சர்டிபிகேட் உங்களை காப்பாத்தாது.

தமிழ்லயே நடத்துற பயிற்சி மையங்கள் அங்க இருக்கு, கேட்டு அதுல சேருங்க. புரியாத மொழியில உக்காந்து தலையாட்டிட்டு வந்தா அது பயிற்சியே இல்ல.

என் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில கான்ட்ராக்ட்ல இருக்காரு. சுத்திகரிப்பு தொட்டியில இறங்கி சேறு அள்ளணும். ஒரு நாள் அரை மணி நேரம் பேசிட்டு ட்ரெயினிங் முடிஞ்சதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க, ஒரு மாஸ்க்கும் பெல்ட்டும் குடுத்திருக்காங்க. போதுமா? (திருப்பூர்)

போதாது சகோதரி. முதல்ல அந்த மாஸ்க்கை பத்தி சொல்லிடுறேன், ஏன்னா நிறைய பேரை கொல்றது அது குடுக்குற தைரியம்தான். துணி மாஸ்க்கோ ஃபில்டர் வச்ச மாஸ்க்கோ காத்துல இருக்கிற தூசியையும் சில வாயுவையும் வடிகட்டும், ஆனா இல்லாத ஆக்ஸிஜனை அதால உண்டாக்க முடியாது. தொட்டிக்குள்ள ஆக்ஸிஜன் 10 சதவீதத்துக்கு இறங்கியிருந்தா எவ்வளவு விலை ஃபில்டர் போட்டாலும் மூக்குக்கு போறது அந்த 10 சதவீதம்தான். அந்த மாதிரி இடத்துக்கு வெளிய இருந்து குழாய் வழியா நல்ல காத்து வரணும், இல்ல முதுகுல சிலிண்டர் மாட்டுற மூச்சுக்கருவி வேணும், அதை போட தனியா பழகணும், தாடி இருந்தா முகத்தோட ஒட்டாம காத்து கசியும்ங்கிறது வரைக்கும் அதுல விஷயம் இருக்கு.

இது ஒன்னும் புதுசா வந்த சட்டம் இல்ல. 1948 தொழிற்சாலைகள் சட்டத்துல 36வது பிரிவே இதுதான், 2025 நவம்பர்ல அந்த சட்டத்துக்கு பதிலா புது தொழிலாளர் சட்டத் தொகுப்பு வர்ற வரைக்கும் அது அமல்ல இருந்துச்சு. தொட்டி, குழி, குழாய் எதுவா இருந்தாலும் விஷக்காத்து இருக்க வாய்ப்பு இருந்தா, தகுதி பெற்ற ஆளு தானே டெஸ்ட் பண்ணி, உள்ள ஆபத்து இல்லன்னு எழுத்துல சான்று குடுக்கணும். இல்லையா, இறங்குறவர் சரியான மூச்சுக்கருவி போட்டு, பெல்ட்ல கயிறு கட்டி, அந்த கயித்தோட மறுமுனையை வெளிய ஒருத்தர் பிடிச்சிருக்கணும். உள்ள கொண்டுபோற கை விளக்குக்கு கூட 24 வோல்ட்னு வரம்பு போட்டு 36ஏ பிரிவு இருந்துச்சு. "தகுதி பெற்ற ஆளு"ன்னா முதலாளி கை காட்டுறவர் இல்ல, அந்த சட்டப்படி தலைமை ஆய்வாளர் அங்கீகாரம் குடுத்தவர்.

உங்க வீட்டுக்காரர் சண்டை போட வேண்டாம், மூணே மூணு கேள்வி கேக்கச் சொல்லுங்க. காத்தை யார் டெஸ்ட் பண்ணாங்க, ரீடிங் எங்க? நான் மயங்கி விழுந்தா யாரும் உள்ள இறங்காம என்னை எப்படி மேல தூக்குவீங்க? நான் உள்ள இருக்கும்போது மேல இருந்து யாராவது வால்வை திறந்தா, மோட்டாரை போட்டா, அதை தடுக்க பூட்டு எங்க? மூணுக்கும் பதில் இருந்தா அங்க பயிற்சி நடந்திருக்குன்னு நம்பலாம். பதில் இல்லன்னா இறங்க வேண்டாம். சம்பளம் போயிடும்ங்கிற உங்க பயம் எனக்கு புரியுது. தொழிலக பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுத்துல புகார் குடுக்கலாம், பேர் வெளிய வரக்கூடாதுன்னு அதுலயே கேளுங்க. பயிற்சிக்குன்னா சென்னை தரமணியில மத்திய அரசோட மண்டல தொழிலாளர் நிலையம் இருக்கு, நிர்வாகத்துக்கு மனசு இருந்தா சூப்பர்வைசர்களையாவது அங்க அனுப்பலாம்.

நான் ஐடிஐ ஃபிட்டர். பிளான்ட் ஷட்டவுன்ல என்னை ஹோல் வாட்ச்சா, அதாவது உள்ள இறங்கினவங்களை வாசல்ல இருந்து கவனிக்கிற ஆளா போட்டிருக்காங்க. மேன்ஹோல் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கணும்னாங்க. நடுவுல ஸ்பேனர் எடுத்துட்டு வா, டீ வாங்கிட்டு வான்னு அனுப்புறாங்க. இதுக்கு எதுக்கு ட்ரெயினிங்? (மணலி)

இந்த ஆறு கேள்வியில நான் ரொம்ப நேரம் யோசிச்சது இதுக்குத்தான் தம்பி. உங்களை சும்மா உக்கார வச்சிருக்கோம்னு சொன்னவருக்கு இந்த வேலை தெரியல. அந்த டாங்க்ல இறங்கின நாலு பேரோட உயிர் நீங்க அந்த ஸ்டூல்ல இருக்கீங்களா இல்லையாங்கிறதுல இருக்கு. உள்ள இருக்கிற ஆளுக்கு தன் மூளை மந்தமாகுறது தெரியாது. நைட்ரஜன் விட்டு சுத்தம் பண்ண டாங்க்கை எடுத்துக்கோங்க, நெடி கிடையாது, கண் எரியாது, மூச்சு முட்டுற உணர்வு கூட வராது, ஏன்னா நம்ம உடம்பு மூச்சு வேணும்னு துடிக்கிறது கார்பன் டை ஆக்சைடு ஏறும்போதுதான், ஆக்ஸிஜன் குறையும்போது அந்த அளவுக்கு துடிக்காது. ஆக்ஸிஜன் சுத்தமா இல்லாத இடத்துல ரெண்டு மூணு மூச்சு இழுத்தாலே ஆளு விழுந்துடுவாரு, கத்தக்கூட நேரம் இருக்காது. வாயுவே விட வேணாம், பல நாள் மூடி வச்ச இரும்பு டாங்க்ல துருப்பிடிக்கிறதே உள்ள இருக்கிற ஆக்ஸிஜனை தின்னுடும். விழுந்ததுக்கு அப்புறம் மூளைக்கு கிடைக்கிறது சில நிமிஷம்தான். அந்த நிமிஷத்துல நீங்க டீக்கடையில நின்னீங்கன்னா?

உங்க வேலை என்னன்னு சொல்றேன். உள்ள போறவங்க பேரு, போன நேரம், வந்த நேரம் எழுதணும், எந்த நேரத்துல கேட்டாலும் உள்ள எத்தனை பேருன்னு சொல்லணும். சில நிமிஷத்துக்கு ஒருக்கா கூப்பிட்டு பேசணும், ஆமா இல்லன்னு பதில் வர்ற மாதிரி கேக்காம "எத்தனையாவது போல்ட்ல இருக்கீங்க"ன்னு கேளுங்க, பேச்சு குழறினாலோ சம்பந்தமில்லாம பதில் வந்தாலோ உடனே எல்லாரையும் மேல வரச் சொல்லணும். அந்த உத்தரவு போடுற அதிகாரம் உங்களுக்கு இருக்கு, அதுக்கு சூப்பர்வைசர் கிட்ட பெர்மிஷன் கேக்க வேண்டாம். வெளியவும் பாக்கணும். உள்ள காத்து தள்ளுற ப்ளோயர் பக்கத்துல யாராவது டீசல் ஜெனரேட்டரையோ லாரியையோ ஸ்டார்ட் பண்ணி விட்டா அந்த புகையும் அதுல இருக்கிற கார்பன் மோனாக்சைடுங்கிற விஷ வாயுவும் டாங்க்குக்குள்ள போகும். ப்ளோயர் நின்னாலும் ஆளை மேல ஏத்தணும், கரன்ட் வந்துடும்னு காத்திருக்கக் கூடாது.

பர்மிட்டையும் பாருங்க. நான் ஒரு ஆலையில மேன்ஹோல் பக்கத்துல தொங்கின ஷீட்டை பாத்தேன், காலைல 8 மணியில இருந்து சாயங்காலம் 5 மணி வரைக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஆக்ஸிஜன் 20.9, 20.9, 20.9னு ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். அப்ப மணி பதினொன்னு கூட ஆகல. அந்த ஷீட்டை நிரப்புனவர் கிட்டயும் பயிற்சி சான்றிதழ் இருந்துச்சு.

கடைசியா, மிக முக்கியமானது. உள்ள ஒருத்தர் விழுந்துட்டா நீங்க இறங்கக் கூடாது. அண்ணனா இருந்தாலும் இறங்கக் கூடாது. அமெரிக்காவோட நியாஷ்னு சொல்ற தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1986லயே எழுதி வச்சிருக்கு, இந்த மாதிரி இடங்கள்ல செத்தவங்கள்ல 60 சதவீதத்துக்கு மேல காப்பாத்தப் போனவங்க. நம்ம ஊர் பேப்பர்ல வர்ற செய்தியை கவனிங்க, முதல்ல ஒருத்தர், அவரை தூக்க ரெண்டாவது ஆளு, அப்புறம் மூணாவது ஆளுன்னுதான் வரும், பாசம் இழுத்துட்டு போயிடுது. அதை நிறுத்தத்தான் உங்களுக்கு ட்ரெயினிங், படிச்சா மட்டும் வராது, டம்மியை உள்ள போட்டு கை நடுங்க நடுங்க திரும்பத் திரும்ப செஞ்சு பாத்தாதான் அந்த நேரத்துல கால் நகராம நிக்கும். உள்ள இறங்குறவர் முழு உடம்பு ஹார்னஸ் போட்டு, அதோட கயிறு மேல ட்ரைபாட்ல (முக்காலி ஸ்டாண்டு) இருக்கிற வின்ச்சுல (கயித்தை சுத்தி இழுக்கிற கருவி) மாட்டியிருக்கணும், நீங்க வெளிய நின்னே கைப்பிடியை சுத்தி தூக்கணும். அஞ்சடிக்கு மேல செங்குத்தா இறங்குற இடத்துக்கு இந்த மாதிரி தூக்குற கருவி கட்டாயம்னு அமெரிக்க விதி 1993லயே சொல்லிடுச்சு. இடுப்புல மட்டும் பெல்ட் கட்டி மயங்கின ஆளை தூக்கினா உடம்பு மடங்கி மேன்ஹோல்ல சிக்கிக்கும்.

இனிமே ஸ்பேனர் எடுத்துட்டு வான்னு சொன்னா, "எனக்கு பதிலா பயிற்சி எடுத்த இன்னொரு ஆளை நிறுத்துங்க, போறேன், இல்லன்னா உள்ள இருக்கிறவங்களை மேல ஏத்திட்டு போறேன்"னு சொல்லுங்க. முதல் தடவை திட்டுவாங்க, திட்டட்டும்.

வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பிடுச்சு. லாரி வச்சு உறிஞ்சின பிறகும் அடியில கெட்டியா மண்டி இருக்கு. மூடியை ஒரு நாள் திறந்து வச்சிட்டு அனுபவம் உள்ள ஆளை இறக்கலாமா? நல்ல அனுபவசாலிதான். (மதுரை)

கூடாது. அனுபவசாலின்னா என்ன, இத்தனை தடவை தப்பிச்சிருக்காருன்னு அர்த்தம். மூடியை திறந்து வச்சா மேல இருக்கிற மீத்தேன் கொஞ்சம் போகும், அது காத்தை விட லேசு. ஹைட்ரஜன் சல்ஃபைட்ங்கிற விஷ வாயு காத்தை விட கனம், அது கீழ தங்கும், அதோட நிறைய வாயு அந்த மண்டிக்குள்ளயே சிறைப்பட்டு இருக்கும், மண்வெட்டியால கிளறின நொடியில கிளம்பி முகத்துல அடிக்கும். நேத்து டெஸ்ட் பண்ணி சரியா இருந்துச்சுன்னு சொல்றது இங்க செல்லாது. அழுகின முட்டை நாத்தம் வந்தா தெரிஞ்சிடும்னு நினைக்காதீங்க, 100 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துல நூறு பங்கு) கிட்ட போனாலே மூக்கு மரத்து நாத்தமே தெரியாம போயிடும், நாத்தம் நின்னுச்சு, காத்து சுத்தமாயிடுச்சுன்னு நினைச்சு இறங்குவாங்க.

சட்டமும் தெளிவா இருக்கு. மனுஷக் கழிவை மனுஷன் அள்ளுறதை தடை செய்ய 2013ல வந்த சட்டப்படி மனுஷனை இப்படி தொட்டியில இறக்குறது குற்றம், அரசாங்கத்துக்கு மட்டும் இல்ல, வீட்டு சொந்தக்காரருக்கும் பொருந்தும், முதல் தடவையே 2 வருஷம் வரைக்கும் சிறை இல்ல 2 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்த்தும் போடலாம். இறந்தா குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடுன்னு 2023 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் உயர்த்தி வச்சுது, முன்னாடி அது 10 லட்சம். இந்த வேலைக்கு எந்த ஆளுங்களை கூப்பிடுறோம், தலைமுறை தலைமுறையா யார் இறங்குறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், அதை "அனுபவம்"னு சொல்றது எனக்கு ரொம்ப வலிக்குது அய்யா. தண்ணியை வேகமா பீய்ச்சி மண்டியை கரைச்சு மறுபடி லாரியில உறிஞ்சச் சொல்லுங்க, ரெண்டு நடை ஆகும், காசு கூட ஆகும், ஆகட்டும். 14420க்கு போன் பண்ணி கழிவு அகற்ற லாரி கேக்கலாம்.

சின்ன கான்ட்ராக்டர் நான். கேஸ் மீட்டர் ஒன்னு வாங்கிட்டேன், யூடியூப் பாத்து கத்துக்கிட்டேன், இனி நானே டெஸ்ட் பண்ணலாமா? (ஓசூர்)

மீட்டர் வாங்கினதுக்கு பாராட்டுறேன், நிறைய பேர் அதைக்கூட செய்றதில்ல. ஆனா பட்டனை அமுக்கத் தெரியுறதும் டெஸ்ட் பண்ணத் தெரியுறதும் வேற வேற. ஆக்ஸிஜனை முதல்ல பாக்கணும், அப்புறம் எரியிற வாயு, அப்புறம் விஷ வாயு. ஏன் இந்த வரிசைன்னா, சாதாரணமா வர்ற எரிவாயு சென்சார் அந்த வாயுவை தனக்குள்ள எரிச்சுப் பாத்துதான் அளவு சொல்லும், ஆக்ஸிஜன் ரொம்ப குறைஞ்சா எரியாது, ஆபத்தான டாங்க்லயும் குறைச்சலா காட்டும். நாலு வாயுவையும் (ஆக்ஸிஜன், எரியிற வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைட்) ஒரே நேரத்துல காட்டுற மீட்டர்னாலும் கண்ணு முதல்ல ஆக்ஸிஜனுக்குத்தான் போகணும். மேல, நடுவுல, அடியில மூணு இடத்துலயும் குழாயை விட்டு பாக்கணும், குழாய் நீளமா இருந்தா காத்து மீட்டர் வரைக்கும் வந்து சேர நேரம் ஆகும், அது வரைக்கும் பொறுமையா நிக்கணும். தினமும் வேலைக்கு முன்னாடி தெரிஞ்ச அளவு வாயுவை காட்டி அலாரம் அடிக்குதான்னு பம்ப் டெஸ்ட் (bump test) பண்ணணும். அப்புறம் எந்த தொட்டியில என்ன இருந்துச்சுன்னு தெரியாம டெஸ்ட் பண்ணா பிரயோஜனம் இல்ல, நாலு வாயு மீட்டர் அந்த நாலைத்தான் காட்டும், உங்க டாங்க்ல இருந்தது வேற ஏதாவது சால்வென்ட்னா அதோட விஷ அளவு மீட்டர்ல தெரியாது. மீட்டர் வித்த கம்பெனி கிட்டயே பயிற்சி கேளுங்க, ஆனா ஃபேக்டரிக்குள்ள சான்று குடுக்கிறதுக்கு மேல சொன்ன அங்கீகாரம் உள்ளவர்தான் வேணும்.

கிணத்துல தூர் வாருறதுக்கு முன்னாடி அரிக்கேன் விளக்கை கயித்துல கட்டி இறக்கி பாப்போம், அணையலன்னா இறங்குவோம். தாத்தா காலத்து முறை. இது தப்பா? (தர்மபுரி)

உங்க தாத்தா காலத்துல வேற வழி இல்ல, அந்த விளக்கு அன்னைக்கு நிறைய பேரை காப்பாத்தியிருக்கும், அவங்க கவனத்துக்கு நான் தலை வணங்குறேன். இன்னைக்கு அது போதாது. விளக்கு அணையுறதுக்கு ஆக்ஸிஜன் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இறங்கணும், அதுக்கு முன்னாடியே மனுஷனுக்கு ஆபத்து ஆரம்பிச்சிடுது. ஹைட்ரஜன் சல்ஃபைட்டும் கார்பன் மோனாக்சைடும் ஆளைக் கொல்றதுக்கு காத்துல ஒரு சதவீதத்துக்கும் கம்மியா இருந்தா போதும், அந்த அளவுக்கு விளக்கு அசையக்கூட செய்யாது. மீத்தேன் இருந்தா விளக்கே வெடிக்க வைக்கும், 5லிருந்து 15 சதவீதம் வரைக்கும் அது தீப்பிடிக்கிற அளவு.

இன்னொன்னு, தண்ணி இறைக்க டீசல் இன்ஜினையோ பெட்ரோல் பம்ப்பையோ கிணத்துக்குள்ள இறக்கி ஓட்டாதீங்க, விளக்கு வச்சு பாத்தப்ப நல்லா இருந்த கிணறு கொஞ்ச நேரத்துலயே புகையால விஷமாகிடும். இன்ஜின் மேலயே, கிணத்து வாயை விட்டு தள்ளி இருக்கட்டும். வேப்பங்கொத்தை கட்டி மேலயும் கீழயும் ஆட்டுறது கொஞ்சம் காத்தை கலக்கும், அவ்ளோதான், அதுக்கு பதிலா ப்ளோயரோட குழாயை அடி வரைக்கும் இறக்கி, ஆளு உள்ள இருக்கிற வரைக்கும் நிறுத்தாம ஓட்டுங்க. கிராமத்துல நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரு மீட்டர், ஒரு ட்ரைபாட், ஒரு ஹார்னஸ் வாடகைக்காவது எடுத்து வச்சுக்கலாம், ஆனா அதை ஓட்டத் தெரிஞ்ச ஆளு மேல நிக்கணும்.

அதையும் மீறி யாராவது உள்ள மயங்கிட்டா, எட்டிப் பாக்கிற கூட்டத்தை முதல்ல தள்ளி நிறுத்துங்க, யாரையும் இறங்க விடாதீங்க, ப்ளோயர் இருந்தா காத்தை விட்டுக்கிட்டே இருங்க, 101க்கோ 112க்கோ அடிங்க. அடிக்கும்போது "கிணத்துல ஆளு விழுந்துட்டாரு"ன்னு மட்டும் சொல்லாம "உள்ள விஷவாயு, மூச்சுக்கருவி வேணும்"னு சொல்லுங்க, அப்பதான் தீயணைப்பு வண்டியில சிலிண்டரோட கிளம்புவாங்க.